கண்ணாடிக்கடைப் பஞ்சாயத்து

"அத்தான், உங்களுக்குப் பொண்ணு மேல பாசமா, இல்ல பொறாமையா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிடுங்க."

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான பிரேமை மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளே, உட்காருங்க. ஐயா, இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"முதல்ல போட்டதுதான்" என்றார் பெரியவர்.

டிரைவிங் ஸ்கூல்காரர் உட்காரவில்லை. உட்கார வந்த ஆளா அவர்? அக்கா மகளுக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். பெயரைச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சேருகிறாளா இல்லையா என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். பெற்ற அப்பனோ, தெருமுனைக் கல்லூரியே போதும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

அவள் போனில் விஷயத்தைச் சொன்னதுமே, ரிவர்ஸ் பழகிக்கொண்டிருந்த அம்மாளை நடுவழியில் இறக்கிவிட்டு, அக்கா மகளை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டார். அவள் வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள்.

"ஹாஸ்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்காது மாப்ளே."

"அக்கா சமையலையே இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சிருக்கா. ஹாஸ்டல் சாப்பாடு என்ன பண்ணிடும்?"

பெரியவர் சிரித்ததில் பிரேம் மூக்கை விட்டு இறங்கியது.

"ஆடாதீங்க ஐயா. அப்புறம், அங்க தண்ணி சரியில்லையாம். முடி கொட்டுமாம்."

"உங்களுக்கு உள்ளூர்த் தண்ணியிலேயே கொட்டிப்போச்சே."

கண்ணாடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற மனிதர். அவர் இவ்வளவு ஓட்டைக் காரணங்களை எங்கிருந்துதான் பொறுக்கினாரோ என்று மைத்துனருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பொண்ணு என்ன சொல்லுது?" பெரியவரும் பஞ்சாயத்தில் சேர்ந்துகொண்டார்.

"அவ என்னங்க சொல்லுவா? இடம் கிடைச்ச அன்னிக்கே தெரு முழுக்கச் சொல்லிட்டா. சிநேகிதிங்க வழியனுப்புறதுக்குப் பரிசுகூட வாங்கி வச்சிட்டாங்க. இப்ப கேட்டா, அப்பா பேச்சைத் தட்டமாட்டேன் மாமான்னு தலையைக் குனிஞ்சுக்கிறா. வாயில்லாப் பூச்சிங்க அது."

"தப்புங்க" என்று கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார் பெரியவர். "புள்ளைங்களை வெளியே விடணும். என் பசங்க மூணு பேரும் வெளியூர்லதான் படிச்சாங்க. இப்ப ஒருத்தனும் போன் பண்றதில்ல, அது வேற விஷயம்."

ஆதரவு கிடைத்ததும் டிரைவிங் ஸ்கூல்காரருக்கு வேகம் கூடியது.

"என் கார்ல எனக்குன்னு தனியா ஒரு பிரேக் இருக்கு அத்தான். நான் அதை அமுக்கிக்கிட்டே இருந்தா ஒருத்தராவது வண்டி ஓட்டக் கத்துக்குவாங்களா? காலை எடுங்க. பொண்ணு ஓட்டட்டும்."

சொல்லும்போதே அவர் கால் தரையை ஓங்கி அமுக்கிக்கொண்டிருந்தது. தொழில் பழக்கம்.

"நான் சொன்னது சொன்னதுதான் மாப்ளே. பக்கத்திலேயே படிக்கட்டும்."

"இது பாசமில்ல அத்தான், சுயநலம். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிபண்றீங்க, சொந்தப் பொண்ணு விஷயத்துல கண்ணு தெரியல. நாளைக்குத் தெருவே உங்களைக் கேவலமாப் பேசும்."

"பேசட்டும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஆனால் துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தார். வார்த்தை தைத்துவிட்டது என்பது தெரிந்தது.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று டிரைவிங் ஸ்கூல்காரருக்கு மனசு உறுத்தியது. ஜெயித்துவிட்ட மாதிரியும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு காருக்கு வந்தார்.

"கவலையை விடும்மா. ஆள் பாதி கரைஞ்சுட்டார். சாயங்காலம் வந்து இன்னொரு பிடி பிடிச்சா, போயிட்டு வான்னு அவர் வாயாலேயே சொல்ல வச்சிடுறேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு தடவை திட்டினது போதும் மாமா. இதுக்கு மேல பேசாதீங்க."

"ஏன்?"

"அப்பா சரின்னு சொல்லிட்டா நான் போயாகணுமே."

டிரைவிங் ஸ்கூல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"போன வாரம் நானும் அப்பாவும் அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனோம் மாமா. ஹாஸ்டல் ரூமைப் பார்த்ததுமே, வீட்டுக்குப் போயிடலாம்ப்பான்னு சொல்லிட்டேன். திரும்பி வர்ற வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தேன். எல்லார்கிட்டயும் தம்பட்டம் அடிச்சிட்டு, இப்ப போய்ப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? அப்பாதான், 'நான் விடலைன்னு சொல்லிடு, பழி என் மேல இருக்கட்டும்'னு சொன்னார்."

கடைக்குள்ளே பெரியவர் இன்னும் கையை ஆட்டி ஆட்டி உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடப்பாவமே, நான் வேற சுயநலம் அது இதுன்னு பேசிட்டேனே."

"அப்பா தப்பா எடுத்துக்க மாட்டார் மாமா. நீங்க வந்து திட்டுவீங்கன்னு அவருக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னதே அவர்தான். நாளைக்குள்ள எனக்குத் தைரியம் வந்துட்டா, 'மாமா திட்டினதுல அப்பா மனசு மாறிட்டார்'னு ஊருக்குச் சொல்லிக்கலாமாம்."