நாற்பதாவது படம்

எங்கள் ஆவணக் களஞ்சிய மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். இடம் போதவில்லை, வேகம் போதவில்லை என்று எல்லோரும் புலம்பியதால், ஒரே கோப்பு மறுபடி வந்தால் வாங்காதபடி மாற்றி எழுதினேன். தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் மகளை வாசலில் நிறுத்திப் படமெடுத்து, அதை ஏற்றித்தான் சோதிப்பேன். அன்றன்று எடுத்த படம் முன்பே இருக்க வழியில்லை.

இன்று பழைய சேமிப்பையும் இணைத்தோம். மதியம் படத்தை ஏற்றினேன். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று வந்தது.

“சார், நீங்க எழுதுன கோடுலதான் ஏதோ தப்பு,” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

இரண்டையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டோம். காலரில் அதே பற்பசைக் கறை. அங்கே இருந்ததை ஏற்றிய தேதி மட்டும் பதினோரு வருடம் முந்தையது. மகளுக்கு வயது ஆறு.

“யாரு ஏத்துனது?”

“பேரு இல்ல சார். ஆனா ஒரு தொகுப்பே இருக்கு. நீங்க எடுத்த எல்லாமே, அதே வரிசையில. மொத்தம் நாப்பது. இன்னிக்கு எடுத்தது முப்பத்தொம்பதாவது.”

நாற்பதாவதைத் திறந்தேன். எங்கள் வாசல்தான். படியில் அவள் புத்தகப்பை மட்டும் கிடந்தது. அதன்மேல் சாயங்கால வெயில். நான் காலையில் மட்டும்தான் படமெடுப்பேன்.

மணி பார்த்தேன். பள்ளி விட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.