காடியில் ஏழு காசு

"ரொட்டிக்கு மூணு காசுதானே, ஏழு எதுக்குப் போட்டே? திருப்பி எடு..."

"போட்டது போட்டாச்சு, எடுத்துக்கோ அக்கா, வளவளன்னு..."

கொள்ளைநோய் புகுந்த ஊரைச் சுற்றிப் போட்ட வேலியருகே காசோடு நோய் வெளியே வராதிருக்கப் புளிப்புக் காடி நிரப்பிய கல்தொட்டி இருக்கிறது. உள்ளேயிருப்பவர்கள் அதில் காசைப் போட வேண்டும். வெளியேயிருந்து வருபவர்கள் ரொட்டியை வைத்துவிட்டு, நனைந்த காசை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கம் ரொட்டியோடு வந்த அக்கா அப்பலோனியா, உள்பக்கம் பத்தடி தள்ளித் தங்கை வெரேனா. லூசெர்ன் நகரத்துச் செப்புக்காசுகள் ஏழும் அழுக்குக் கரைந்து, காலை வெயிலில் புதிதாக அடித்தவைபோல் சிவந்து மினுங்குகின்றன. ஏரிக்காற்றில் காடி நெடி மூக்கை அரிக்கிறது.

"மிச்சம் நாலு யாருக்கு?"

"உங்க கோயில் மணிக்காரனுக்கு. எனக்காக ஒரு தடவை சாவுமணி அடிக்கச் சொல்லு. எங்க ஊர்லே அடிக்க ஆளில்லே."

"வாயைக் கழுவுடி! மகாராணிக்கு மணி வேற கேக்குதாக்கும்!"

"பின்னே, அந்தக் கஞ்சன் ஓசியிலே அடிப்பானா?"

அப்பலோனியா சிரிக்கவில்லை. தொட்டிக்குள் விட்ட கை மூன்று காசோடு மட்டும் வெளியே வருகிறது. வெரேனா ரொட்டியை எடுக்க வரவில்லை. இந்த வெயிலிலும் கழுத்துத் துணியை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள்.

"அந்தத் துணியைக் கொஞ்சம் விலக்குடி, வெரேனா. கழுத்திலே கட்டி இல்லேன்னு எனக்குக் காட்டு."