தட்டிப் பார்த்த ஜாடி

“நல்ல ஜாடியா? மனோகரா, காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?”

வீரமுத்து கத்தியது செடெனாக் ரயில் நிலையம் முழுக்கக் கேட்டது.

ஆயர் ஈத்தாம் சூளையில் சுட்ட தண்ணீர் ஜாடிகள் சரக்கு வண்டியில் வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஆள் மார்பு உயரம். உள்ளே லாலான் புல் அடைத்து, வாயில் சாக்குக் கட்டியிருந்தது. மனோகரன் பிரம்பால் தட்டிப் பார்ப்பான். ‘கணீர்’ என்றால் தோட்டத்து லயத்துக்குப் போகும். ‘பொத்’ என்றால் விரிசல். அங்கேயே உடைத்துப் போட வேண்டும் என்பது ஜப்பான்காரன் உத்தரவு. உடைக்கிற சம்மட்டி வீரமுத்துவிடம்.

அதுதான் அவன் வயிற்றெரிச்சல். தட்டுகிறவனுக்கு அரிசி, உடைக்கிறவனுக்கு மரவள்ளிக்கிழங்கு. மனோகரன் வீட்டில் உலை கொதித்தால் நாலு வீடு தள்ளி இவனுக்குப் புளித்த ஏப்பம் வரும். அந்த எரிச்சலைக் குழாய் வைத்து இறக்கியிருந்தால், சரக்கு ரயில் கரி இல்லாமலே சிங்கப்பூர் வரை ஓடியிருக்கும்.

“மெதுவா பேசுங்கண்ணே. நல்ல ஜாடிதான்” என்றான் மனோகரன்.

“பொத்துன்னு கேட்டிச்சு லா!”

“புல்லை இறுக்கி அடைச்சிருக்கான். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, விவரமா பேசலாம்.”

“ஓ, லஞ்சமா? துவான்! துவான்! இங்க வாங்க!”

ஜப்பான் அதிகாரி வாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு வந்தான்.

“ரோசாக், துவான்! கெட்டுப்போன ஜாடி. இவன் நல்லதுங்கறான். அந்தப் பிரம்பை என்கிட்ட குடுத்துப் பாருங்க.”

அதிகாரி மனோகரனிடமிருந்து பிரம்பைப் பிடுங்கி வீரமுத்துவிடம் எறிந்தான். ஜாடி கெட்டதென்றால் வீரமுத்துவுக்குத் தட்டுகிற வேலை, மனோகரனுக்கு உதை.

மனோகரன் முகத்தில் ரத்தமே இல்லை. வீரமுத்து மாப்பிள்ளை மாதிரி ஜாடியை ஒரு சுற்று வந்தான். சாக்கில் காதை வைத்து ஓங்கித் தட்டினான். இன்னொரு தட்டு. பிறகு குனிந்தவன் குனிந்தபடியே நின்றான்.

நிமிர்ந்ததும் பிரம்பை மனோகரன் கையிலேயே திணித்தான்.

“பாகுஸ், துவான். ரொம்ப நல்ல ஜாடி. மனோகரன் மாதிரி ஜாடி பார்க்க ஜோகூர்லயே ஆள் கிடையாது.”

“பக்கேரோ!”

முட்டாள் என்று திட்டி அதிகாரி விட்ட அறையில் வீரமுத்துவின் தலைப்பாகை தண்டவாளத்துக்குப் போனது. அதை எடுக்கக்கூட அவன் போகவில்லை. “பாகுஸ், பாகுஸ்” என்று வீங்கிய வாயால் சொல்லிக்கொண்டே, பிள்ளைத்தாய்ச்சியைத் தாங்குவதுபோல ஜாடியைத் தாங்கி மாட்டுவண்டியில் ஏற்றினான்.

சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய், செத்தே போனான் என்று வீடே அழுது முடித்திருந்த அவன் தம்பி, ஜாடிக்குள்ளேயிருந்து கிசுகிசுத்திருந்தான்: “மெதுவா தட்டுண்ணே, காது அடைக்குது.”