முத்திரை விழாத அட்டை

குணபாலன் உரிமம் வாங்கி, மூன்று மாதம் கடை கடையாய் ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த கைத்துப்பாக்கி அது. அதற்குத் தலைகால் புரியவில்லை. மேசை இழுப்பறையில் பக்கத்தில் கிடந்த சுடும் பயிற்சிக்கூடத்து அட்டையை அது தினமும் வம்புக்கு இழுக்கும்.

"வகுப்புக்கு ஒரு முத்திரைன்னு பன்னிரண்டு கட்டம் வச்சிருக்கே. ஒண்ணுலயாவது விழுந்திருக்கா? என்னைப் பாரு, எப்படிப் பளபளன்னு இருக்கேன்!"

"அடுத்த ஞாயிறு போவாரு," என்று அட்டை முனகும்.

ஞாயிறு வந்தால் அவர் துப்பாக்கியைத் துடைப்பார், கண்ணாடி முன் நின்று நீட்டிப் பார்ப்பார், தோட்டாவோடு உள்ளே வைத்துவிடுவார்.

ஒரு மழைநாள் மதியம் கொல்லைக் கதவு உடையும் சத்தம் கேட்டது. இழுப்பறை திறந்தது. துப்பாக்கியை எடுத்த கை வியர்வையில் வழுக்கியது.

"ஐயோ அட்டை, இவரு கட்டைவிரல் என் மேலெல்லாம் துழாவுதே! பாதுகாப்புப் பூட்டு எங்கே இருக்குன்னே தெரியலையே!"

"அதை முதல் வகுப்புலயே சொல்லிக் கொடுத்திருப்பாங்க," என்றது அட்டை.

உள்ளே நுழைந்த திருடனை நோக்கிக் குணபாலன் விசையை அழுத்தினார். அது அசையவில்லை. மறுபடி அழுத்துவதற்குள் அவன் இரண்டே எட்டில் வந்து துப்பாக்கியைப் பறித்துக்கொண்டான்.

துப்பாக்கி வேறொரு கைக்குள் இருந்தது. புதிய கட்டைவிரல் எதையும் தேடவில்லை. நேராகப் போய்ப் பூட்டை விலக்கியது. ஆசை ஆசையாய்த் தன்னைத் தேர்ந்தெடுத்த முகம் இப்போது தன் குழலுக்கு எதிரே வெளிறிப்போய் நின்றது.

"அட்டை," என்றது துப்பாக்கி, "இந்தக் கை கொஞ்சம்கூட நடுங்கலையே."