சாமி பேர் செல்லாது

"கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே, இதை நீ அடிச்சுக் கொடுத்தா விரல் தேய்ஞ்சா போயிடும்?"

பழைய இரும்புக் கடைக்காரர் போட்ட சத்தத்தில் உரிம அலுவலகத்தின் மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது.

கம்ப்யூட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் அசையவில்லை. "நீங்களே அடிங்க ஐயா. நான் பக்கத்துலயே இருக்கேன்."

"பக்கத்துல இருக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?"

கடை உரிமத்தைப் புதுப்பிக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. போன வருஷம் வரை காகிதத்தை நீட்டினால் முத்திரை குத்தித் தந்தார்கள். இந்த வருஷம் எல்லாம் கம்ப்யூட்டரில். தவறவிட்டால் கடைக்கு சீல். தள்ளுவண்டியில் ஆரம்பித்து, பேரம் பேசிப் பேசியே தொண்டை தடித்து, இருபத்தாறு வருஷத்தில் எழுப்பிய கடை அது.

திரையில் ஒரு காலிக் கட்டம். அதன் மேல் 'கடவுச்சொல்' என்றிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். ஓ, சாமி பேரைக் கேட்கிறதா? கேட்கட்டும், நல்ல காரியம்தானே. தான் கும்பிடுகிற சாமியின் பேரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்பிடித்து அடித்தார்.

'தவறு' என்றது திரை.

"எங்க சாமி தவறா?" பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சாமி பேரை அடித்தார். அதுவும் செல்லவில்லை.

"ஐயா, மூணாவது தடவை வேண்டாம், கொஞ்சம்..." அவள் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது சாமியையும் இறக்கிவிட்டார்.

'ஒரு வாரம் கழித்து முயலவும்' என்று திரை பூட்டிக்கொண்டது.

"என்ன அடிச்சீங்க?"

"சாமி பேரு. அதைத்தானே கேக்குது?"

சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "பாஸ்வேர்டைக் கேக்குது ஐயா."

பாஸ்வேர்டா? அது மருமகன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, "கடைச் சாவி மாதிரி மாமா, பத்திரம்" என்று கொடுத்த ஆறு எண். சட்டைப் பாக்கெட்டிலேயே இருந்தது.

அவருக்கு உச்சந்தலை சூடேறியது.

"சாவியைக் கேக்குறதா இருந்தா சாவியைப் போடுன்னு கேளு. பாக்கெட்டைத் தடவிப் பாருய்யான்னு சொல்லு. சாமியை எதுக்கு நடுவுல இழுக்குறீங்க? இதை எழுதின ஆளு வீட்ல மனுஷங்ககூடப் பேசுறது உண்டா, இல்லையா?"

அவள் நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். "பாக்கெட்டைத் தடவின்னா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

சொல்வாரா? வாயை இறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வாசற்படியில் நின்ற தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "உங்களையும் நோட்டுல ஏத்திட்டாளா அண்ணே?"

"ஆமா. எதுக்கு அது?"

"அதான் புரியலை. நான் எல்லாத்தையும் அடிச்சு முடிச்சேன். கடைசியில 'சமர்ப்பிக்கவும்'னு இருந்துச்சு. என்னத்தைச் சமர்ப்பிக்கிறது, கையில ஒண்ணும் கொண்டுவரலையேன்னு எழுந்து போயிட்டேன். ரெண்டு தடவை. முடிஞ்சுது, அனுப்புன்னு போட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்கன்னு இன்னைக்குக் கேட்டுட்டேன். உடனே எழுதிக்கிட்டா. தெரியாதவங்க லிஸ்ட் எடுக்குறாங்களாம். அதுல ஏறிட்டா உரிமம் கிடையாதாம்."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் பேசிக்கிறாங்க."

அந்த ஒரு வாரமும் இரும்பைத் தராசில் வைத்துவிட்டு முள்ளைப் பார்க்க மறந்தார். அப்படி என்னதான் எழுதியிருப்பாள்? திட்டியதையா, சாமி பேர் அடித்ததையா? அந்த நோட்டு யார் மேஜைக்குப் போகும்?

எட்டாம் நாள் காலை முதல் ஆளாகப் போய் நின்றார். குரலைப் பேரத்துக்கு ஏற்ற மாதிரி இறக்கிக்கொண்டார்.

"அம்மாடி, அன்னைக்கு என் வாய் கொஞ்சம் நீண்டுபோச்சு. அந்த நோட்டுல இருந்து என் பேரை மட்டும் எடுத்துடு. கடைக்கு ஒரு டேபிள் ஃபேன் வந்திருக்கு. காத்து அப்படி வருது. நாளைக்கே வீட்ல கொண்டுவந்து வெச்சுடறேன்."

"உங்க பேரே எனக்குத் தெரியாதே ஐயா."

"பேர் தெரியாமத்தான் பக்கம் பக்கமா எழுதினியா?"

"முதல்ல உக்காருங்க. அடிங்க."

"மறுபடியும் நானேவா?"

"நீங்களேதான்."

முனகிக்கொண்டே உட்கார்ந்தார். அதே காலிக் கட்டம். எழுத்துக் கூட்டினார்.

'உங்கள் சாவியைப் போடுங்கள். பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள்.'

கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. ஆறு எண்ணையும் அடித்தார். திறந்துகொண்டது. கேட்டதற்கெல்லாம் பதில் அடித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பொத்தானில் 'முடிஞ்சுது, அனுப்பு' என்றிருந்தது. அமுக்கினார். பக்கத்து இயந்திரம் அவருடைய உரிமத்தைச் சூடாகத் துப்பியது.

அதைக் கையில் எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"ஏம்மா, இது நான் திட்டினதாச்சே? 'பாருய்யா'வை மட்டும் 'பாருங்கள்'னு மாத்தியிருக்கு."

"ஆமாய்யா. திரையில வர்ற வார்த்தையெல்லாம் எழுதுறது என் வேலை. முன்னாடி இருந்ததை எழுதினதும் நான்தான். நீங்க அன்னைக்குத் திட்டினது என்னைத்தான்." இப்போதுதான் அவள் சிரித்தாள். "நான் அடிச்சுக் கொடுத்திருந்தா உங்க வேலை அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நீங்க எங்க தடுக்கி விழுறீங்கன்னு எனக்குக் கடைசிவரை தெரிஞ்சிருக்காது."

அவ்வளவில் விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்?

"அதெல்லாம் சரி. அந்தத் தெரியாதவங்க லிஸ்டை ஒரு தடவை கண்ணுல காட்டு."

"தெரியாதவங்க லிஸ்ட்தான் ஐயா. ஆனா அதுல இருக்கிறது ஒரே ஆளு."

நீல நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். முதல் பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்:

'எனக்குத் தெரியாத தமிழ்.'