நாற்பதைத் தாண்டாத கார்

"கியர் மாறவே மாட்டேங்குது, சுஷ்மா. சென்சார் போயிடுச்சாம். நாற்பதுக்கு மேல போகாது. நீங்க மெட்ரோல போயிடுங்களேன்."

"பரவாயில்ல அஷ்வத், மெதுவாவே போலாம்."

இது மழைக்காலத்தில் பேசிக்கொண்டது. இப்போது டெல்லியில் ஸ்வெட்டர் போடும் குளிர் வந்துவிட்டது. புது சென்சார்தான் இன்னும் வரவில்லையாம். சரோஜினி நகரிலிருந்து ஆபீஸ் வரை அஷ்வத்தின் கார் தினமும் ஊர்ந்துகொண்டே போனது.

சுஷ்மாவுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. கார் சரியாகிவிட்டால் இந்தப் பேச்சும் சிரிப்பும் பாதியாகக் குறைந்துவிடுமே என்பதுதான் கவலை. மனதில் இருப்பதைக் கேட்டுவிட வேண்டும் என்று தினமும் வாயெடுப்பாள். அதற்குள் ஆபீஸ் கேட் வந்துவிடும்.

பின்னால் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "பையா, பாராத் லேகே ஜா ரஹே ஹோ க்யா?" என்று கத்திவிட்டு முந்திப் போனார்.

"கல்யாண ஊர்வலமான்னு கேட்டுட்டுப் போறார்" என்று சிரித்தாள் சுஷ்மா. "சென்சார் எப்போதான் வரும்?"

"அடுத்த வாரம் வந்துடும்னு மெக்கானிக் அந்தோணி சொல்றார்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அணைக்கப் போன அஷ்வத் பதற்றத்தில் வேறு பட்டனை அழுத்திவிட, கார் ஸ்பீக்கரில் கணீரென்று ஒரு குரல் கேட்டது.

"சார், அந்தோணி பேசறேன். தீபாவளிக்கு முன்னாடி புது சென்சார் போட்டோமே, வண்டி இப்ப பறக்குதா?"

அஷ்வத்தின் காது சிவந்துவிட்டது. "வேகமா போனா... ஆபீஸ் சீக்கிரம் வந்துடுது, சுஷ்மா."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதமாகத் தொண்டையிலேயே நின்றிருந்ததும் கூடவே வந்துவிட்டது.

"அஷ்வத், என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"