வியன்னாவில் கொஞ்சம் இடம்

மகன் படுத்திருக்கும் ஆறடிக்கு, பத்து வருடத்துக்கு, எழுநூற்று இருபது யூரோ.

டிராவல்ஸ் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெரியவர் அதை ரூபாயாக்கினார். ரூபாயை நாளாக்கினார்.

நாளுக்குப் பதினெட்டு ரூபாய்கூட வரவில்லை.

டீக்கும் வடைக்கும் ஆகிற செலவைப் பார்த்தால் மலிவு. தூத்துக்குடியில் தன் உப்புக் கிட்டங்கியை மூட்டை அடுக்க வாடகைக்கு விடுகிறவர் அவர். அந்தக் கணக்கில் பார்த்தால் கொள்ளை. அதே ஆறடியை அவர் பாதிக்குத்தான் விடுகிறார்.

வாடகை தவறினால் மூட்டையை வெளியே எடுத்துப் போடுவது இங்கே வழக்கம்.

அங்கே என்ன செய்வார்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

பக்கத்தில் மனைவி. மடியில் இரண்டு பாஸ்போர்ட். இரண்டும் புதுசு.

பத்து வருடமாக அந்த ஊர்ப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"வியன்னால ஒரு எடம் கெடக்கு தம்பி. பத்து வருசக் குத்தகை. முடியப்போவுது. புதுப்பிக்கணும்."

இசக்கிமுத்து கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தார். ஊரில் பாதிப் பேரைத் துபாய்க்கும் மீதிப் பேரை வேளாங்கண்ணிக்கும் அனுப்புகிறவர்.

"வியன்னாலயா! சத்தமில்லாம சோலிய முடிச்சிருக்கிய அண்ணாச்சி. எத்தன சென்ட்டு?"

"சின்ன எடந்தான்."

"காலியாக் கெடக்கா, உள்ள ஆள் இருக்கா?"

"இருக்கான்."

மனைவி பாஸ்போர்ட்டுகளைக் குப்புறத் திருப்பி வைத்தாள்.

"பணத்த இங்கன இருந்தே அனுப்பிரலாமே. ரெண்டு பேரும் போய்வர அஞ்சு லட்சம் தண்டமாத்தான போவும்?"

"நேர்ல பேசாம ரூவா குடுத்துப் பழக்கமில்ல தம்பி. முகத்தப் பாத்துக் கேட்டா கொறப்பான்."

இதையேதான் கிட்டங்கியிலும் சொல்லியிருந்தார். எல்லோரும் நம்பினார்கள். கஞ்சன் என்ற பெயரில் ஒரு வசதி உண்டு. எங்கே கிளம்பினாலும் யாரும் வேறு காரணம் தேட மாட்டார்கள்.

மனைவியிடம் எந்தக் காரணமும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. போட்டோ எடுக்கக் கிளம்பி நின்றாள்.

விசா போட்டோவில் சிரிக்கக் கூடாது என்றார் ஸ்டுடியோக்காரர். அதற்கு அவர்கள் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

"டூரிசம்னே போடுதேன் அண்ணாச்சி. எடம் கிடம்னு எழுதுனா ஆயிரம் கேள்வி கேப்பான்."

இசக்கிமுத்து நாட்களை நிரப்பத் தொடங்கினார். முதல் நாள் அரண்மனை. மறுநாள் டான்யூப் ஆற்றில் படகு. ஒரு மாலை வயலின் கச்சேரி, முன்வரிசையில் இரண்டு சீட்டு.

"அரமனைய மட்டும் விட்றாதிய. ஆயிரத்துக்கு மேல ரூமாம்."

ஆயிரம் அறை சும்மா கிடக்கும் ஊரில்தான் ஆறடிக்குக் குத்தகை.

மூன்றாம் நாள் நிரம்பாமல் இருந்தது. இசக்கிமுத்து அங்கே ஒரு மிருகக்காட்சிசாலையைப் போடப் போனார். பெரியவர் திரையில் விரலை வைத்தார்.

"அது அப்படியே இருக்கட்டும்."

இப்போது புதுப்பித்தால் அவருடைய எழுபத்துநாலு வயது வரை தாங்கும். அதற்கடுத்த குத்தகைக் கடிதம் அங்கிருந்து வரும்போது கதவைத் திறக்க யார் இருப்பார்கள் என்பதை மட்டும் அவர் பெருக்கிப் பார்க்கவில்லை.

மகன் இறந்த அன்றைக்கு, அவன் உடலைக் கொண்டுவர எட்டு லட்சம் கேட்டார்கள். அவனை அங்கே படிக்க அனுப்பியதிலேயே எல்லாம் வழித்துத் துடைத்தாயிற்று. கூடப் படித்தவர்கள் காசு சேர்த்து அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். இவர்கள் போனில் பார்த்தார்கள்.

பாதர் ஜெபத்தைத் தொடங்கியதும் நெட் போயிற்று.

"கடைசியா இன்சூரன்ஸ். இது இல்லாம விசா கெடையாது. ரெண்டு பேருக்கும் சேத்து நாலாயிரத்து முந்நூறு."

இசக்கிமுத்து குரலைத் தணித்தார்.

"தப்பா நெனைக்காதிய. போன எடத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, பாடிய அவனே கொண்டாந்து வீட்டு வாசல்ல குடுத்திருவான். நம்ம கைக்காசு ஒத்த ரூவா செலவில்ல."

நாலாயிரத்து முந்நூறு.

அவர் பேரம் பேசவில்லை. இசக்கிமுத்துவுக்கு அது ஆச்சரியம். நாலாயிரத்துக்கே முடித்துத் தரத் தயாராக இருந்தார்.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"ஏற்கெனவே அங்கன இருக்கிறவங்களயும் இதுல சேத்துக்குவாங்களா தம்பி?"

"யாரு, உங்க எடத்துல இருக்கிற ஆளா? நம்ம சொந்தக்காரப் பயலாம்மா? கேட்டுப் பாப்போம், காசா பணமா. வயசு சொல்லுங்க."

"முப்பத்திநாலு," என்றாள் அவள்.

"இருபத்திநாலு," என்றார் அவர்.

இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன.

இசக்கிமுத்து சிரிக்கப் போனார். "ஏதாவது ஒண்ணச் சொல்லு..." என்று ஆரம்பித்தார். ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் போனார். பத்து வருடக் குத்தகை. உள்ளே ஆள்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிரிண்டர் டிக்கெட்டைத் தள்ளியது. எடுத்துக்கொடுக்க அவர் எழுந்திருக்கவில்லை.

பெரியவரே எட்டி எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். எந்தத் தாளையும் சரிபார்க்காமல் மடித்துப் பழக்கமில்லை.

போக இரண்டு.

வர இரண்டு.

பாக்கி ஒன்று.